கிராமக் காவலும் கிராம ஆட்சியும்

(கோலார் தங்கவயல், பாலகாட் பகுதியில் ஊராட்சி உறுப்பினர்களுக்கும் இளைஞர்களுக்கும் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பாலகாட் என்னும் பெயரில் நம் நாட்டில் இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, நாம் இப்போது கூடியிருக்கும் இந்தத் தங்கவயல் பகுதி. மற்றொன்று, மத்தியப் பிரதேசத்தின் தென்கிழக்கு மூலையில் காடு சூழ்ந்து கிடக்கும் மாவட்டம். இரண்டுமே சுரங்க பூமிதான். இங்கே தங்கம் தோண்டினார்கள். அங்கே மாங்கனீசும், மலஞ்ச்கண்டில் தாமிரமும் தோண்டுகிறார்கள். ஆனால் அந்தப் பாலகாட் பல ஆண்டுகள் வேறொரு காரணத்தால் செய்தியில் அடிபட்டது. 1999 டிசம்பர் 15 அன்று, அந்த மாநிலத்தின் போக்குவரத்து அமைச்சராக இருந்த லிகிராம் காவ்ரே அம்மாவட்டத்திலுள்ள தம் சொந்தக் கிராமத்திலேயே நக்சலைட்டுகளால் கொல்லப்பட்டார்.

அமைச்சர் ஒருவருக்கே சொந்த ஊரில் பாதுகாப்பு இல்லையெனில், அதே காட்டோரத்தில் வாழும் ஊராட்சித் தலைவர், பள்ளி ஆசிரியர், நியாய விலைக் கடைக்காரர் ஆகியோரின் நிலை என்ன? இரவில் ஆயுதம் ஏந்தியோர் வந்து சோறு கேட்கிறார்கள். மறுத்தால் உயிருக்கு ஆபத்து. கொடுத்தால், மறுநாள் காலையில் காவல் துறை வந்து, ஏன் கொடுத்தாய் என்று கேட்கிறது. இரு பக்கமும் இடிபடும் அந்தக் குடியானவனுக்கு அரசு என்ன வழி காட்டியது, என்ன வழி காட்டியிருக்க வேண்டும் என்பதே இன்றைய உரையின் பொருள்.

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. இங்கிருந்து ஒரு பகல் பயணத்துக்குள் அடங்கும் திருப்பத்தூரில் 1980 ஆகஸ்டில் நக்சலைட்டுகள் வீசிய வெடிகுண்டுக்குக் காவல் துறையினர் பலியாயினர். 2005 பிப்ரவரியில் நம் கர்நாடக மாநிலத்தின் பாவகடா வட்டம் வேங்கடம்மனஹள்ளியில் ஆயுதப்படை முகாம் தாக்கப்பட்டுக் காவலர் பலர் மாண்டனர். எனவே, பிறர் பட்ட அனுபவத்தை நாமும் தெரிந்துகொள்வது பயனுடையது.

மலாயாவின் பாடம்

கிளர்ச்சி நடக்கும் இடத்தில் கிராமக் காவலையும் கிராம ஆட்சியையும் ஒருசேர அமைக்க முயன்ற நாடுகளில் மலாயாவை முதலில் குறிப்பிடுவர். தங்கவயல் மக்களுக்கு அந்நாடு அயலானதும் அன்று. வட ஆர்க்காட்டு ஊர்களிலிருந்து புறப்பட்டவர்களில் சிலர் இந்தச் சுரங்கங்களுக்கு வந்தனர்; வேறு சிலர் கப்பலேறி ரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்றனர்.

1948 ஜூன் மாதத்தில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சியின் ஆயுதப்படை காட்டுக்குள் இருந்தது. காட்டோரத்தில் உரிமைப் பட்டா எதுவுமின்றிக் குடியிருந்த சீன விவசாயிகளிடமிருந்து அரிசியும் பணமும் செய்தியும் அதற்குச் சென்றன. 1950-ல் பொறுப்பேற்ற ஜெனரல் பிரிக்ஸ், இந்த விவசாயிகளை ஒன்றுதிரட்டிக் குடியமர்த்தும் திட்டத்தை வகுத்தார். ஏறத்தாழ ஐந்து லட்சம் மக்கள் நானூறுக்கும் மேற்பட்ட ‘புதுக்கிராமங்களில்’ குடியேற்றப்பட்டனர். தோட்டத் தொழிலாளர்களும், அவர்களில் பெருந்தொகையினரான தமிழரும், சிதறிக் கிடந்த லயங்களிலிருந்து ஒரே இடத்துக்குக் கொண்டுவரப்பட்டு முள்வேலிக்குள் வைக்கப்பட்டனர்.

வேலியும் ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் முதலில் வந்தன. பள்ளியும் மருந்தகமும் குடிநீரும் பின்னால் வந்தன. சில இடங்களில் மிகவும் பின்னால் வந்தன. உள்ளூர்க் காவற்படையில் 1953 அளவில் சுமார் இரண்டரை லட்சம் பேர் சேர்க்கப்பட்டிருந்தனர். ஆயினும், நிலைமை மாறியதற்கு வேலி மட்டுமே காரணமன்று. 1952-ல் இயற்றப்பட்ட உள்ளூர் மன்றச் சட்டம், கிராமத்தார் தாமே தேர்ந்தெடுக்கும் மன்றம் வரி வசூலித்து ஊர்ச் செலவை நடத்த வழி செய்தது. அதே ஆண்டில் குடியுரிமை விதிகள் தளர்த்தப்பட்டன. 1957 ஆகஸ்டு 31 அன்று நாடு விடுதலை அடைந்தது. அந்நியர் ஆட்சியை எதிர்க்கிறோம் என்ற முழக்கத்துக்கு அதன்பின் பொருள் இல்லாமற் போயிற்று. 1960 ஜூலை 31 அன்று அவசரகாலம் முடிவுற்றது.

இவ்வெற்றிக்கு மக்கள் கொடுத்த விலையையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1948 டிசம்பரில் பத்தாங்காலி என்ற இடத்தில் பிரிட்டிஷ் படையினர் ஆயுதமற்ற கிராமத்தார் 24 பேரைச் சுட்டுக் கொன்றனர். 1952 மார்ச்சில் தஞ்சோங் மாலிம் நகரத்தில், தாக்கியவர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பதற்காக ஊர் முழுவதுக்கும் நாளொன்றுக்கு 22 மணி நேர ஊரடங்கு விதித்து அரிசிப் பங்கீட்டையும் குறைத்தார்கள். தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராயிருந்த தமிழர் எஸ். ஏ. கணபதி 1949 மே மாதத்தில் துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டார். தோட்டத் தொழிலாளி தன் குறையைச் சொல்வதற்கு இருந்த வாயில் சில ஆண்டுகள் அடைபட்டே கிடந்தது. 1954-ல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவான பின்னரே அது மறுபடியும் பரவலாகத் திறந்தது.

ஆகவே மலாயாவிலிருந்து நாம் கொள்ள வேண்டியது வேலியன்று. வாக்கும் குடியுரிமையும் உள்ளூர் மன்றமுமே கொள்ளத்தக்கவை. முள்வேலியை மட்டும் எடுத்துக்கொண்டு மன்றத்தை விட்டுவிட்ட நாடுகள் பின்னாளில் பெரிதும் துன்புற்றன.

நிலத்தில் தொடங்கிய அமைதி

நம் நாட்டின் அனுபவம் நிலத்திலிருந்து தொடங்குகிறது. தெலங்கானாவில் 1946 முதல் 1951 வரை நடைபெற்ற ஆயுதப் போராட்டத்தின் வேர், ஜாகீர்தார், தேஷ்முக் முதலியோரின் கீழ் உழவர் பட்ட கொடுமை. படை சென்றது, அடக்குமுறையும் நிகழ்ந்தது. ஆனால் 1949-ல் ஜாகீர் முறை ஒழிக்கப்பட்டதும், 1950-ல் குத்தகைச் சட்டம் இயற்றப்பட்டதும் அமைதிக்கு அடிகோலின. 1951 ஏப்ரல் 18 அன்று போச்சம்பள்ளியில் வினோபாபாவே முன்னிலையில் அரிசனக் குடும்பங்கள் நிலம் கேட்டபோது, இராமச்சந்திர ரெட்டி என்பவர் 100 ஏக்கர் வழங்கினார். பூதான இயக்கம் அங்கே பிறந்தது. பூதானத்தில் கிடைத்த நிலமெல்லாம் ஏழைக்குப் போய்ச் சேரவில்லை என்பது உண்மையே. எனினும், நிலப்பசிக்குத் துப்பாக்கியால் விடைகூற முடியாது என்பதை நாடு அன்று உணர்ந்தது.

மேற்கு வங்கத்தின் கதை இன்னும் தெளிவானது. 1967-ல் நக்சல்பாரியில் வெடித்த கிளர்ச்சி எழுபதுகளின் முற்பகுதியில் கடுமையான போலீஸ் நடவடிக்கையால் அடக்கப்பட்டது. ஆனால் வாரக் குத்தகைதாரரின் குறை அப்படியே நின்றது. 1978-ல் ஊராட்சித் தேர்தலும் ‘பர்கா நடவடிக்கை’யும் ஒருங்கே நடந்தன. நில வருவாய் அலுவலர்கள் நிலக்கிழாரின் திண்ணையில் அமராமல், மாலை வேளையில் குத்தகைதாரர் வாழும் தெருவுக்கே சென்று, எல்லோரும் கேட்கப் பெயர்களை வாசித்துப் பதிவு செய்தனர். காலப்போக்கில் சுமார் 14 லட்சம் குத்தகைதாரர் பதிவு பெற்றனர். தன் பெயர் அரசாங்கப் பதிவேட்டில் உள்ளது, தன் வாக்கால் வந்தவர் ஊராட்சியில் உள்ளார் என்றறிந்த உழவன், இரவில் வரும் துப்பாக்கிக்காரனை நம்ப வேண்டிய தேவை குறைந்தது. இந்தப் பயன் சரிவரச் சென்றடையாத ஜங்கல்மகால் காட்டுப் பகுதியில்தான் 2008-க்குப் பின் மீண்டும் வன்முறை தலைதூக்கிற்று என்பதையும் நாம் கருத வேண்டும்.

துப்பாக்கி யார் கையில்?

இனி, கடினமான கேள்விக்கு வருவோம். ‘நிலம், வாக்கு எல்லாம் சரி. ஆனால் காவல் நிலையம் பல மைல் தொலைவில் உள்ளது. இன்றிரவு தாக்க வருகிறார்கள். அதுவரை கிராமத்தார் கைகட்டிச் சாக வேண்டுமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. இக்கேள்வியைப் புறந்தள்ள முடியாது. தாக்குதலுக்கு ஆளான ஊர்களில் பிறந்த கேள்வி இது.

ஜம்முவின் தோடா மாவட்ட மலைக் கிராமங்கள் அத்தகையவை. 1995-ல் அங்கே கிராமப் பாதுகாப்புக் கமிட்டிகள் தொடங்கப்பட்டன. ஓய்வுபெற்ற படைவீரர்களை முன்னிறுத்தி, கிராமத்தாருக்குப் பழைய ‘முந்நூற்று மூன்று’ ரைபிள்கள் வழங்கப்பட்டன. பல ஊர்களில் மக்கள் வீடு வாசலை விட்டு ஓடாமல் நிலைத்திருக்க அவை துணை நின்றன. அதே வேளையில், சில உறுப்பினர்கள் மீது கொலை முதலிய வழக்குகளும் பதிவாயின. 2022-ல் இவ்வமைப்பு கிராமப் பாதுகாப்புக் காவலர் என்ற பெயரில் திருத்தி அமைக்கப்பட்டு, மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் ஆணைக்கு உட்படுத்தப்பட்டது. மாதம் 4,000, 4,500 ரூபாய் என மதிப்பூதியமும் வகுக்கப்பட்டது. ஊரைக் காக்கும் கருவியே ஊர்ப்பகையைத் தீர்க்கும் கருவியாக மாறாதிருக்க வேண்டுமாயின், கண்காணிப்பும் கணக்கும் இன்றியமையாதவை என்பதே இதனால் பெறப்படும் பாடம்.

சத்தீஸ்கரின் பாடம் இதனினும் கசப்பானது. 2005 ஜூனில் அன்றைய தந்தேவாடா மாவட்டத்தில் ‘சல்வா ஜுடும்’ என்னும் இயக்கம் தொடங்கியது. மாவோயிஸ்டுகளின் கொடுமையைப் பொறுக்காமல் மக்கள் தாமே எழுந்தனர் என்று ஒரு சாராரும், அரசின் துணையோடு பழங்குடியினரை ஒருவர்க்கொருவர் மோதவிட்டனர் என்று மற்றொரு சாராரும் கூறினர். ஊர்கள் எரிந்தன, ஆயிரக்கணக்கானோர் முகாம்களுக்குப் பெயர்ந்தனர், பலர் எல்லை கடந்து ஆந்திரத்துக்கு ஓடினர். பழங்குடி இளைஞர்கள் சிறப்புக் காவல் அலுவலர்களாக அமர்த்தப்பட்டனர். ஐந்தாம் வகுப்புப் படிப்பு, மாதம் 3,000 ரூபாய், சில வாரப் பயிற்சி, கையில் துப்பாக்கி! 2011 அளவில் அவர்கள் தொகை சுமார் 6,500.

2011 ஜூலை 5 அன்று உச்ச நீதிமன்றம், நீதிபதிகள் சுதர்சன ரெட்டி, நிஜ்ஜார் ஆகியோர் அடங்கிய அமர்வு, நந்தினி சுந்தர் முதலியோர் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. கல்வி குறைந்த ஏழை இளைஞர்களைக் குறைந்த ஊதியத்துக்கு அமர்த்தி, பயிற்சி பெற்ற படைக்கு எதிரே நிறுத்துவது அரசியலமைப்பின் 14-ஆம், 21-ஆம் விதிகளை மீறுவதாகும் என்று அது கூறிற்று. துப்பாக்கிகளைத் திரும்பப் பெறுமாறும் ஆணையிட்டது. இயக்கத்தின் தலைவராயிருந்த மகேந்திர கர்மா 2013 மே 25 அன்று பள்ளத்தாக்குச் சாலையில் மாவோயிஸ்டுகளால் கொல்லப்பட்டார். அண்ணன் ஒரு பக்கம், தம்பி மறு பக்கம் எனப் பிரிந்த குடும்பங்களின் காயத்தை எந்தத் தீர்ப்பும் ஆற்ற இயலாது.

அயல்நாட்டிலும் இதே வேறுபாட்டைக் காணலாம். பெரு நாட்டின் வடபகுதியில் 1976-ல் ஆடுமாடு திருடர்களைத் தடுக்க உழவர்கள் தாமே இராக்காவல் அமைத்தனர். அக்காவல் ஊர்க்கூட்டத்துக்குக் கட்டுப்பட்டிருந்தது. குவாத்தமாலாவிலோ எண்பதுகளில் இராணுவம் கட்டாயப்படுத்தி ஊர்க்காவல் அமைத்தது. மறுத்தவன் எதிரியாகக் கருதப்பட்டான். அங்கே பின்னர் அமைந்த உண்மை அறியும் குழு, பல கொடுஞ்செயல்களில் அக்காவலர்க்கும் பங்கு இருந்ததைப் பதிவு செய்தது.

ஊராட்சியே முதல் அரண்

காவலுக்கு முன்னே நிற்க வேண்டியது ஆட்சி. ஆனால் வன்முறைப் பகுதிகளில் முதலில் ஒடுங்கிப்போவது அதுவே. ஜார்க்கண்ட் பகுதியில் 1978-க்குப் பின் 32 ஆண்டுகள் கழித்து, 2010-ல்தான் ஊராட்சித் தேர்தல் நடந்தது. ஒரு தலைமுறை முழுவதும், ஊருக்கென்று தேர்ந்தெடுத்த தலைவரே இன்றி வளர்ந்தது. அந்த வெற்றிடத்தில் ஆயுதம் ஏந்தியோர் ‘மக்கள் நீதிமன்றம்’ நடத்தியதில் வியப்பென்ன இருக்கிறது?

பழங்குடிப் பகுதிகளில் கிராம சபைக்கு அதிகாரம் வழங்கும் சட்டம் 1996 டிசம்பரில் நாடாளுமன்றத்தால் நிறைவேற்றப்பட்டது. ஆனால் அதற்கான விதிகளைச் சத்தீஸ்கரும் மத்தியப் பிரதேசமும் வெளியிட்டது 2022-ல். இடையே 26 ஆண்டுகள்! அந்தப் பாலகாட் மாவட்டத்தின் பைஹர் வட்டம் இச்சட்டம் செல்லும் பகுதியே. சட்டம் ஏட்டில் உறங்கிய அந்த 26 ஆண்டுகளில்தான் அக்காடுகளில் எத்தனையோ உயிர்கள் மடிந்தன.

2010-ல் மத்திய அரசு 60 மாவட்டங்களுக்கு ஒருங்கிணைந்த செயல்திட்டம் ஒன்றைத் தொடங்கி, முதலாண்டில் மாவட்டத்துக்கு 25 கோடி, மறு ஆண்டில் 30 கோடி ரூபாய் வழங்கியது. சாலை, பள்ளிக் கட்டடம், குடிநீர் ஆகியவை விரைந்து வந்தன. ஆனால் செலவை முடிவு செய்தவர்கள் கலெக்டர், காவல் கண்காணிப்பாளர், வன அலுவலர் ஆகிய மூவரே. கிராம சபைக்கு அதில் இடமில்லை என்ற குறைபாடு அன்றே சுட்டிக்காட்டப்பட்டது. சாலை கிடைத்தது, சாலை எங்கே வேண்டும் என்று சொல்லும் உரிமை கிடைக்கவில்லை.

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் உண்டு. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டமும் மாவோயிஸ்டு வன்முறையால் நெடுங்காலம் துன்புற்றதே. அங்கே மேண்டா லேகா என்னும் கோண்டு கிராமம், வன உரிமைச் சட்டத்தின்கீழ் 2009-ல் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டின் மீது சமூக உரிமை பெற்றது. எல்லாரும் ஒப்பும்வரை பேசி முடிவெடுப்பது அவ்வூர் வழக்கம். 2011 ஏப்ரலில் மூங்கிலை வெட்டி விற்பதற்கான போக்குவரத்து அனுமதிச் சீட்டு வழங்கும் அதிகாரம் கிராம சபையிடம் ஒப்படைக்கப்பட்டது. முன்பு வன அலுவலரின் கையெழுத்துக்குக் காத்து நின்றவர்கள், தாமே கையெழுத்திட்டு மூங்கில் விற்று, கூலியும் கொடுத்து, ஊர்நிதியும் சேர்த்தனர். காட்டுக்குச் சொந்தக்காரனாகிய மனிதனிடம் சென்று, ‘உன் காட்டை மீட்டுத் தருகிறேன்’ என்று எவர் சொல்ல முடியும்?

நம் மாநிலத்தின் மலைநாட்டிலும் கிளர்ச்சிக்கு ஒரு காரணம் குதிரேமுக் தேசியப் பூங்காவிலிருந்து மக்கள் வெளியேற்றப்படுவர் என்ற அச்சம். இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த அந்தச் சிக்கலில், 2024 நவம்பரில் விக்ரம் கவுடா சுட்டுக் கொல்லப்பட்டார். 2025 ஜனவரி 8 அன்று எஞ்சியோரில் ஆறு பேர் பெங்களூரில் முதலமைச்சர் முன்னிலையில் ஆயுத வழியைக் கைவிட்டனர். குடிமைச் சமூகத்தினர் இடையே நின்று பேசியது அதற்கு உதவிற்று. நாடு முழுவதிலும் இடதுசாரித் தீவிரவாதத்தால் பாதிக்கப்பட்டவையெனக் கணக்கிடப்பட்ட மாவட்டங்கள் ஒரு காலத்தில் 126. 2024 ஏப்ரலில் அத்தொகை 38 ஆகக் குறைந்தது. அதன் பின்னும் குறைந்தது. இம்மாற்றத்தில் காவல் துறையினரின் தியாகத்தைக் குறைத்து மதிப்பிடுவோர் நன்றி மறந்தவராவர். ஆனால் துப்பாக்கி ஓய்ந்த ஊரில் ஆட்சி உடனே குடிபுக வேண்டும். இல்லையேல் பழைய குறை புதிய பெயரில் திரும்பும்.

செய்யத்தக்கவை

இவ்வனுபவங்களிலிருந்து சில நெறிகளை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவதாக, காக்கும் கடமை அரசுடையது. கிராமத்தான் காவலுக்குத் துணை நிற்கலாம். காவலுக்கு ஈடாக மாட்டான். தொலைவிலுள்ள காவல் நிலையத்தை அருகே கொண்டுவருவதுதான் முறை. ஏழையின் தோளில் துப்பாக்கியை ஏற்றுவது முறையன்று.

இரண்டாவதாக, உள்ளூர்க் காவல் தவிர்க்க முடியாத இடத்தில், அது கிராம சபையில் வெளிப்படையாகப் பேசி அமைக்கப்பட வேண்டும். எல்லாச் சாதியாரும் மதத்தாரும் அதில் இடம்பெற வேண்டும். சேர மறுப்பவனைத் துரோகி என்று தூற்றுதல் கூடாது. ஆயுதத்துக்கும் தோட்டாவுக்கும் கணக்கு இருக்க வேண்டும். தவறிழைத்தால் சட்டம் பாய வேண்டும். முறையான ஊதியமும், இறந்தால் குடும்பத்துக்கு ஓய்வூதியமும் தரப்பட வேண்டும்.

மூன்றாவதாக, தேர்தலைத் தள்ளிப்போடக் கூடாது. மிரட்டலுக்கு அஞ்சி ஊராட்சியை அதிகாரியிடம் ஒப்படைப்பது, மிரட்டியவனுக்குப் பாதி வெற்றியைத் தருவதாகும். தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினருக்குப் பாதுகாப்பும் நிதியும் அதிகாரமும் ஒன்றாகச் சேர வேண்டும். அதிகாரம் இல்லாத தலைவருக்காக எவரும் உயிரைப் பணயம் வைக்க மாட்டார்.

நான்காவதாக, பட்டா, வன உரிமை, கூலி, நியாய விலைக் கடை ஆகிய அன்றாடச் சிக்கல்கள் குறித்த நாளில் தீர்க்கப்பட வேண்டும். ஊர் முழுவதையும் தண்டிக்கும் முறை அறவே ஒழிய வேண்டும்.

தங்கவயல் மக்களுக்கு இவை புதியன அல்ல. 1930-ஆம் ஆண்டில் சுரங்கத் தொழிலாளர் எல்லாரும் கைரேகை பதிய வேண்டும் என்று ஆணை பிறந்தது. தம்மைக் குற்றவாளிகளாக நடத்துவதாகக் கருதி, உங்கள் முன்னோர் வேலையை நிறுத்தினர். ஆணை பின்வாங்கப்பட்டது. பாதுகாப்பு என்ற பெயரால் வந்தாலும், மக்களைக் கலக்காமல் வந்த ஏற்பாடு நிலைக்காது என்பதை இந்த மண் அன்றே காட்டியது.

இன்னொன்றும் இங்குள்ள முதியோர் அறிவர். சுரங்கத்தின் ஆழத்தில் பாறைகள் அழுத்தம் தாளாமல் திடீரென வெடித்துச் சிதறும். எத்தனையோ உயிர்களைக் கொண்ட அந்தப் பாறை வெடிப்பு ஒரு நொடியில் நிகழ்வதாகத் தோன்றும். அழுத்தமோ ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருக்கும். அதனால்தான் பாறையின் முனகலைக் கேட்கும் கருவிகளைப் பிற்காலத்தில் இங்கே பதித்தார்கள். நாட்டுப்புறத்தின் முனகலைக் கேட்பதற்கு நம்மிடம் உள்ள கருவி கிராம சபை. அதை ஆண்டில் சில நாள் கையெழுத்து வாங்கும் சடங்காக்கிவிட்டு, வெடித்த பின் படையை அனுப்புவது அறிவுடைமையாகாது.

ஊராட்சி உறுப்பினர்களாகிய நீங்கள், அடுத்த கிராம சபையில் கடைசி வரிசையில் வாய் திறவாமல் அமர்ந்திருப்பவரை முதலில் பேசச் சொல்லுங்கள். அவர் சொல்வதைப் பதிவேட்டில் எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் அதற்கு விடை கூறுங்கள். ஊரின் காவல் அங்கிருந்தே தொடங்குகிறது.